செலவில் பங்கு உண்டு, கணக்கில் பங்கு இல்லையா?

"ஆறு மாதம் நடுக்கடலில். முன் அனுபவம் தேவையில்லை. சம்பளம் கிடையாது, ஆனால் செலவில் உங்கள் பங்கை மட்டும் கொடுத்தால் போதும். சமையல், இரவுக் காவல், பாய் இழுப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் எல்லோரும் சேர்ந்துதான். நாம் ஒரு குடும்பம்!"

பாய்மரப் படகில் மாதக்கணக்காகச் சமுத்திரம் சுற்றும் பயணங்களுக்கு ஆள் சேர்க்கும் அழைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பொன்னேரியில் பி.காம் படிக்கும் ஒரு பையன் இதைப் படித்தால் என்ன ஆகும்? நண்பர்கள் "மச்சி, கிளம்புடா" என்பார்கள். அப்பா "பைத்தியமா உனக்கு, காசும் கொடுத்து வேலையும் செய்வாயா?" என்பார். அம்மா அழுவார்.

நண்பர்களுக்குத் தெரிவது கடல். அப்பாவுக்குத் தெரிவது காசு. இரண்டு பக்கமும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. "செலவில் பங்கு" என்றால் எந்தச் செலவு? அதை எழுதி வைத்திருக்கும் நோட்டு யார் கையில்?

சமுத்திரப் பயணம் பணக்கார வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதற்கு என்று ஒதுங்குவது தப்பு. பங்கு போட்டுக் கடலுக்குப் போவது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதே அல்ல. அதே சமயம், பங்கு என்ற நல்ல வார்த்தையைச் சொல்லிக்கொண்டு படகு ஓனர் தன் சொந்தச் செலவை அடுத்தவன் தலையில் கட்டுவதைச் சாகசம் என்று கொண்டாடுவது அதைவிடப் பெரிய தப்பு.

பழவேற்காட்டுக் கணக்கு

கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. 1613ல் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். டூரிஸ்டுகள் டச்சுக் கல்லறையைப் போட்டோ எடுத்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காமர்ஸ் மாணவன் பார்க்க வேண்டியது வேறு. படகு கரைக்கு வந்த பிறகு நடக்கும் பாகப் பிரிவினை!

சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பங்குதான். மீன் ஏலம் போன பணத்திலிருந்து முதலில் பொதுச் செலவைக் கழிப்பார்கள். டீசல், ஐஸ், சாப்பாடு. மிச்சத்தைப் பங்காகப் பிரிப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு, படகுக்கும் இன்ஜினுக்கும் இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என்று. எத்தனை பங்கு யாருக்கு என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் மாறாத விஷயம் ஒன்று. மீன் என்ன விலைக்குப் போனது, டீசலுக்கு எவ்வளவு ஆனது என்பது படகில் போன அத்தனை பேருக்கும் தெரியும். ஏலம் நடப்பதே கண் முன்னால்தானே!

இதில் கவனிக்க வேண்டியது படகுக்கென்று தனிப் பங்கு இருப்பது. படகு தேயும், வலை கிழியும், இன்ஜின் ஒருநாள் நின்றுபோகும் என்று தெரிந்து ஒதுக்கி வைத்த பங்கு அது. வகுப்பில் 'தேய்மானம்' என்று மூன்று முறைகளில் கணக்குப் போட்டு மண்டை காய்கிறதே, அதே சமாச்சாரம்தான்.

ஏரியில் 'பாடு' என்று இன்னொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தை ஒருவரே வளைத்துப் போடாமல், சீட்டுப் போட்டு முறை வைத்து மாற்றிக்கொள்வது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிவிட்டுப் போன முறை இது. இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். உரிமையுள்ள ஊர்க்காரர்களுக்குள்தான் அந்தச் சமத்துவம். வெளியே நிற்பவனுக்குச் சீட்டே கிடையாது. பங்கு முறையிலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. குறைகள் இருக்கட்டும். "நீயும் பங்காளி, ஆனால் கணக்கு மட்டும் கேட்காதே" என்று அந்தக் கரையில் ஒருவன் சொன்னால் அடுத்த நாள் அவன் படகில் யார் ஏறுவார்கள்?

வெளியே நடந்த கதைகள்

இனி கொஞ்சம் தூரமாகப் போகலாம். ஊதியமில்லாத ஆட்கள் செலவைப் பகிர்ந்து உலகம் சுற்றியதற்குப் பெரிய உதாரணம் 'யாங்கி'. அமெரிக்காவைச் சேர்ந்த இர்விங் ஜான்சனும் அவர் மனைவி எலெக்டாவும் 1933 முதல் 1958 வரை, அந்தப் பெயருள்ள இரண்டு கப்பல்களில் ஏழு முறை உலகைச் சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றும் சுமார் 18 மாதம். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். செலவில் பங்கு கொடுத்து, பாயும் இழுத்து, சுக்கானும் பிடித்தார்கள். நடுவில் உலகப் போருக்காக விட்டது போக, கால் நூற்றாண்டு ஓடிய ஏற்பாடு. ஆக, இந்த முறை நடக்காத ஒன்று இல்லை.

அதே காலத்தில் ஆலன் வில்லியர்ஸ் என்ற மாலுமி எழுத்தாளர் 'ஜோசப் கான்ராட்' என்ற பழைய பயிற்சிக் கப்பலை வாங்கி, 1934 முதல் 1936 வரை இளைஞர்களோடு உலகம் சுற்றினார். கப்பல் பத்திரமாகத் திரும்பியது. ஓனர் கையில்தான் காசில்லை. கப்பலை விற்க வேண்டியதாயிற்று. இங்கே நஷ்டம் ஓனருக்கு. 'ஓனர் எல்லாருமே கொள்ளைக்காரர்கள்' என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கதைதான் முக்கியம். 'சோஃபியா'. 1921ல் ஸ்வீடனில் கட்டிய மரக்கப்பல். பின்னாளில் இளைஞர்கள் சேர்ந்து கூட்டுறவு மாதிரி நடத்தினார்கள். பங்குப் பணம் கட்டினால் நீயும் ஆள். முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! 1982 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு வடக்கே புயலில் அது மூழ்கியது. ஒருவர் இறந்தார். மற்றவர்கள் உயிர்காப்பு மிதவைகளில் நாட்கணக்கில் தத்தளித்து, கடைசியில் ஒரு சோவியத் கப்பல் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். அந்தக் கப்பலில் இருந்த பமேலா பிட்டர்மன் இதை 2004ல் புத்தகமாகவே எழுதினார்.

புயலுக்குக் கணக்கு நோட்டு தெரியாதுதான். ஆனால் 61 வயது மரக்கப்பலுக்கு வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும், அதைக் கைக்காசில் வாழும் இளைஞர் கூட்டம் தொடர்ந்து தாங்குமா என்பது நியாயமான கேள்வி. எல்லோரும் சமம் என்றால் மட்டும் போதாது. பழவேற்காட்டுக்காரர் படகுக்கென்று தனிப் பங்கு வைப்பது இதற்காகத்தான். ஆளுக்குப் பங்கு கொடுத்துவிட்டுப் படகுக்குக் கொடுக்காமல் விட்டால், படகு ஒருநாள் தன் பங்கை வேறு மாதிரி வசூல் செய்துகொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு படகு. ஓனரையும் சேர்த்து ஆறு பேர். மாதச் சாப்பாடு, டீசல், கேஸ், துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பங்கு ஆளுக்கு 20,000.

ஆனால் ஓனர் மற்ற ஐந்து பேரிடமும் மாதம் 40,000 வாங்குகிறார். மொத்தம் 2,00,000. செலவு போக மிச்சம் 80,000. ஓனரின் சொந்தப் பங்கான 20,000ம் இந்த ஐந்து பேர் காசில்தான் போகிறது. ஆக அவர் இலவசமாக உலகம் சுற்றுகிறார், மேலே 80,000 கையில் வாங்குகிறார், பெயிண்ட் அடிக்கும் கூலியும் மிச்சம்.

இதற்குப் பெயர் செலவுப் பங்கா? டிக்கெட் கட்டணம் ஐயா அது! டிக்கெட் வாங்குவது குற்றமில்லை. டிக்கெட் என்று சொல்லி வாங்கட்டும். அப்போது பயணி ரசீது கேட்பான், இன்சூரன்ஸ் கேட்பான், "நான் ஏன் கழிவறை கழுவ வேண்டும்?" என்றும் கேட்பான். 'வாலண்டியர்' என்ற வார்த்தை இந்த மூன்று கேள்விகளையும் வாயடைக்கிறது.

"அந்த 80,000 புதுப் பாய் வாங்க, பாய்மரக் கயிறு மாற்ற" என்று ஓனர் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். கடல் உப்பில் எதுவும் நிலைக்காது, பராமரிப்புச் செலவு பயங்கரம். சரி, அப்படியானால் எழுதிக் காட்டலாமே? ஓட்டச் செலவு ஒரு பக்கம், பராமரிப்பு ஒரு பக்கம், படகின் மதிப்பைக் கூட்டும் செலவு இன்னொரு பக்கம். முதலாவதில் எல்லோருக்கும் சம பங்கு. இரண்டாவதில் பயணத்தால் தேய்ந்த அளவுக்கு ஒரு பங்கு. மூன்றாவது முழுக்க ஓனருடையது. நாளைக்குப் படகை நல்ல விலைக்கு விற்கப்போவது அவர்தானே? வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று முதல் வருடமே சொல்லிக் கொடுக்கும் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு, வாழ்க்கையில் மறந்துபோக வேண்டுமா?

இது ஏதோ காமர்ஸ் மாணவர்களின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் கடல் விதிகளே இந்தக் கோட்டைப் போட்டிருக்கின்றன. அந்தப் பயணத்தின்போது படகை ஓட்டுவதற்கு ஆன நேரடிச் செலவில் பங்கு வாங்கினால் அது பொழுதுபோக்குப் படகு. அதற்கு மேல் வாங்கினால் வணிகப் படகு. வணிகப் படகு என்றால் பாதுகாப்புச் சோதனை, சான்றிதழ் என்று வரிசையாகப் பின்னால் வரும். அதனால்தான் 'பங்கு' என்ற வார்த்தை மேல் சிலருக்கு அவ்வளவு பாசம்.

"கடலில் ஜனநாயகம் கிடையாது"

கணக்கு கேட்டவுடன் வரும் பதில் இது. "கப்பலில் கேப்டன் சொல்வதுதான் சட்டம். ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருந்தால் எல்லோரும் மூழ்க வேண்டியதுதான்."

பாதி உண்மை. நடு இரவில் காற்று திரும்பும்போது "பாயை இறக்கு" என்றால் இறக்க வேண்டும். காரணம் காலையில் கேட்டுக்கொள்ளலாம். அதில் யாருக்கும் சண்டையில்லை. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை பார்த்துப் படகை வெளியே எடுக்கும்போதும் ஒருவர் சொல்லைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஆனால் அரிசி வாங்கிய பில்லைக் காட்டச் சொன்னால் எந்தப் படகு மூழ்கும்? சுக்கான் மீதிருக்கும் அதிகாரத்தை நைசாகக் கல்லாப்பெட்டிக்கும் நீட்டிக்கொள்வதுதான் இந்த வாதத்தின் தந்திரம்.

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு. சாதாரண விஷயங்களைப் பெரும்பான்மை முடிவு செய்யலாம், ஆனால் தொழிலின் தன்மையையே மாற்ற வேண்டுமானால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். லாபம் பிரிக்காத படகுப் பயணம் சட்டப்படி கூட்டாண்மை ஆகாது, சரிதான். ஆனால் தெருமுனையில் இரண்டு பேர் சேர்ந்து ஜெராக்ஸ் கடை வைத்தாலே கிடைக்கிற உரிமை, உயிரைப் பணயம் வைத்துச் சமுத்திரம் தாண்டும் பங்காளிக்குக் கிடையாதா? ஃபிஜி போகிறோம் என்று காசு வாங்கிவிட்டு, பாதி வழியில் ஓனர் மனம் மாறி வேறு பக்கம் திரும்பினால் சம்மதம் கேட்க வேண்டாமா?

மாட்டிக்கொண்டால் யார் வருவார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேரும் ஐ.டி.ஐ. பையனுக்குக்கூட 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு. அது போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் "கற்றுக்கொடுக்கிறோம், அதனால் நீ எங்களுக்குக் காசு கொடு" என்று ஃபாக்டரி சொல்ல முடியாது.

சரக்குக் கப்பலில் வேலை செய்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015ல் அதை ஏற்றுக்கொண்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, வீடு திரும்பும் செலவு கப்பல் ஓனருடையது என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் அது வணிகக் கப்பல்களுக்கு மட்டும். 'நண்பர்கள் சேர்ந்து செலவைப் பகிரும்' சொந்தப் படகு அதற்குள் வராது. அதாவது அந்த 'வாலண்டியர்' தொழிலாளியும் இல்லை, பயணியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. காசு கேட்கும்போது மட்டும் பங்காளி.

அதிலும் இந்திய பாஸ்போர்ட்காரன் பாடு தனிப் பாடு. ஐரோப்பியப் பையன் பல தீவுகளில் இறங்கியதும் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நம்மவனுக்குப் பல இடங்களில் முன்கூட்டியே விசா வேண்டும். காற்றை நம்பிப் போகிற படகு எந்தத் தேதியில் சேரும் என்று எந்தத் தூதரகத்தில் எழுதிக் கொடுப்பது? பயணம் பாதியில் முறிந்தால் நடுத்தெருவில் முதலில் நிற்பவன் அவன்தான். திரும்பும் டிக்கெட் பணத்தை யார் வைத்திருப்பது என்பது அவனுக்கு உயிர்க் கேள்வி.

அன்னபூரணியின் பெயர்

"நம்ம ஆட்களுக்குச் சமுத்திரமெல்லாம் சரிப்படாது" என்பவர்களுக்கு ஒரு கதை. 1930களில் யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே சேர்ந்தபோது கப்பலின் பெயர் 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்'. ஓனரின் மனைவி பெயர்! வாங்கியவர் பெயர் மாற்றுவது சட்டப்படி சரிதான். ஆனால் கட்டியவர்கள் பெயரும் ஓட்டியவர்கள் பெயரும் வல்வெட்டித்துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைக்கு வரலாம். ராணுவப் பொறியாளர் படையின் 'திரிஷ்ணா' 1985-87ல் உலகம் சுற்றியது. 2009-10ல் திலீப் தோண்டே தனியாகச் சுற்றினார். 2012-13ல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றினார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி'யில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய இரண்டு கடற்படை அதிகாரிகளில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. எல்லோருக்கும் சல்யூட். ஆனால் எல்லோருமே சீருடைக்காரர்கள். படகும் செலவும் அரசாங்கத்துடையது. சீருடை போடாத பொன்னேரிப் பையனுக்கும் கவரைப்பேட்டைப் பெண்ணுக்கும் என்ன வழி?

பங்கு போடுவதுதான் வழி. இங்கே என்ன இல்லை? எண்ணூரில் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொன்று. காட்டுப்பள்ளி கப்பல் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலே ரிப்பேருக்கு வந்தது. இரும்புக்குக் கும்மிடிப்பூண்டி. கடல் தெரிந்தவர்களுக்குப் பழவேற்காடு. கணக்கு எழுதக் கல்லூரி கல்லூரியாக பி.காம் மாணவர்கள். இல்லாதது ஒன்றுதான். பத்துப் பேர் சேர்ந்து, ஒரே நோட்டில் எழுதி, ஒரு பழைய படகை வாங்கி ஓட்டிக் காட்டும் பழக்கம். அதுவரை அடுத்தவர் படகில்தான் ஏற வேண்டும் என்றால், ஏறும் முன் கேட்க வேண்டியவை:

1. கணக்கு நோட்டு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லோரும் கையெழுத்து.
2. ஓனரும் சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் தன் பங்கைப் போட வேண்டும். அவர் வயிறும் வயிறுதான்.
3. படகுப் பங்கு தனியாக, முன்கூட்டியே. அந்தப் பணம் தயாராகும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது.
4. திரும்பும் டிக்கெட் பணம் ஓனர் கையில் வேண்டாம், அவரவர் பெயரில் வங்கியில்.
5. உயிர்காப்பு மிதவை, லைஃப் ஜாக்கெட், ஆபத்தில் சேட்டிலைட்டுக்குச் சிக்னல் அனுப்பும் கருவி மூன்றையும் ஏறும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதி உட்பட.
6. பாதை மாறினால் எல்லோர் சம்மதமும் வேண்டும். சம்மதிக்காதவர் அடுத்த துறைமுகத்தில் மிச்சப் பணத்தோடு இறங்கலாம்.

இதில் எதுவுமே படகோட்டும் கேப்டனின் அதிகாரத்தைத் தொடவில்லை. நல்ல கேப்டன் இதையெல்லாம் கேட்டால் சந்தோஷப்படுவார், விவரமான ஆள் வந்திருக்கிறான் என்று.

அதனால் அந்த அழைப்பு வந்தால் பயந்து ஓட வேண்டாம், மயங்கி விழவும் வேண்டாம். கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பையைக் கட்டுங்கள். "நாம் ஒரு குடும்பம், இதற்குள் கணக்கு என்ன?" என்று சிரித்தால், பேசாமல் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போங்கள். அண்ணன் தம்பி சேர்ந்து போகும் படகிலேயே பங்கு பிரித்துத்தான் கொடுக்கிறார்கள்.